ஒரு பக்கம் கேட்டது

வேன் டிரைவர் வண்டியைக் கடை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கியபோது, அக்கா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு கார் சீட்டின் முதுகுக்குத் துணி பொருத்திக்கொண்டிருந்தாள். வாயில் ஊசி இருக்கும்போது அவளால் திட்ட முடியாது என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். காரியம் ஆக வேண்டியவர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் வருவார்கள். டிரைவரும் அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, பின்கதவைத் திறந்து, ஸ்பானரை எடுத்து, சீட்டுகளின் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான்.

அக்கா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். கடைசி ஊசி வெளியே வந்ததும் குரலும் வந்தது.

"யாரைக் கேட்டுக் கழட்டறே?"

"உங்களைக் கேட்டுத்தான்க்கா. காலையில போன் பண்ணேனே."

"பண்ணே. நான் என்ன சொன்னேன்? இந்த வாரம் முடியாது, கைல ரெண்டு கார் கிடக்கு, அடுத்த வாரம் கொண்டான்னு தொண்டை கிழிய கத்தினேன்."

"நீங்களா? ஒரு வார்த்தை பேசலையேக்கா! நான்தான் ஹலோ ஹலோன்னு கத்தினேன். சரி, வாயில ஊசி வச்சிருப்பீங்க, மௌனம் சம்மதம்னு எடுத்துக்கிட்டு வண்டியைக் கொண்டாந்துட்டேன்."

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்" என்றாள் அக்கா. டிரைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. நின்ற இடத்திலிருந்தே தன் போனில் அவளைக் கூப்பிட்டான். தையல் மெஷின் பக்கத்தில் கிடந்த அவளுடைய பெரிய போன் அடித்தது. எடுத்தாள். அவன் குரல் காதுக்குள் கணீரென்று வந்தது. அவள் பதில் சொன்னாள். அவன் உதட்டைப் பிதுக்கி, தன் போனை அவள் கையிலேயே கொடுத்தான். அக்கா அவன் போனை ஒரு காதில் வைத்துக்கொண்டு, தன் போனை வாய்க்கு நேரே பிடித்து, "ஹலோ" என்றாள். பிறகு கொஞ்சம் சத்தமாக "ஹலோ" என்றாள். பிறகு எதிர்ப்பக்க வெல்டிங் பட்டறைக்காரர் முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்க்கும் அளவுக்குக் கத்தினாள். அவன் போனில் ஒரு கீச்சுச் சத்தம் கூட இல்லை.

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. அருகில் கிடந்த ஒரு பாதி சீட்டின் மேல் மெதுவாக உட்கார்ந்தாள். சரி, கழட்டிப் போட்டுட்டுப் போ என்று கையாலேயே சொன்னாள். இத்தனை லேசாக அக்கா இறங்கி வந்து அவன் பார்த்ததில்லை. ஏதோ கோளாறு என்று அவனுக்கே தோன்றி, சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

அவளுக்குச் சீட்டக்கா என்று பெயர். வண்டிகளுக்கு சீட் தைப்பவள் என்று அர்த்தம். புதிதாக வருகிற சிலர் சீட்டாட்டம் நடத்துகிறவள் போலிருக்கிறது என்று நினைத்து எட்டிப்பார்த்துவிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டு போவதும் உண்டு. கார், வேன், ஆட்டோ எதுவானாலும் அவள் வெட்டித் தைப்பாள், தம்பி பொருத்துவான். மூலையில் துணியை இழுத்துப் பிடித்துக் கிளிப் அடிக்கிற வேலைக்கு நாலு கை வேண்டும். ரெண்டு அவளுடையது, ரெண்டு அவனுடையது. ஒருவர் இழுக்கும் வேகம் மற்றவருக்குத் தெரிந்திருக்காவிட்டால் சுருக்கம் விழும். அவர்கள் தைத்த சீட்டில் சுருக்கம் விழுந்ததாக யாரும் சொன்னது கிடையாது.

அப்பா அம்மா போன பிறகு இருவரும் ஒரே வீட்டில், ஒரே கடையில் காலத்தை ஓட்டினார்கள். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பிக்காகத் தியாகம் செய்தாள் என்று யாராவது உருகினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்தவனெல்லாம் மெஷினை விற்றுவிட்டு வா என்றான், விற்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டில் ஒரு சட்டம் இருந்தது, யாரும் இயற்றாத சட்டம். அக்கா கத்தினால் முடியாது என்று அர்த்தம். பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம். 'சரி' என்ற சொல்லை அவள் வாயால் சொல்லித் தம்பி கேட்டதில்லை. புது மெஷின் வாங்கலாமா என்று கேட்டபோது பேசாமல் நூல் கோத்தாள், மறுநாள் மெஷின் வந்தது. நாய் வளர்க்கலாமா என்று கேட்டபோது தெருவே திரும்பிப் பார்த்தது. நாய் வரவில்லை.

அந்த போனை வாங்கித் தந்ததும் தம்பிதான். பழைய பட்டன் போன் சீக்கிரமே வேலை செய்யாமல் போகும் என்று கம்பெனிக்காரர்கள் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒரு சிநேகிதனிடம் அவன் இதைப் பிடித்தான். முறம் மாதிரி பெரிய திரை. "அன்லாக்டு போன்க்கா. எந்த சிம்மைப் போட்டாலும் ஏத்துக்கும். பூட்டே கிடையாது" என்று, தானே செய்து கொண்டுவந்தவன் போலச் சொன்னான். "பூட்டு இல்லாதது என்ன பெருமையா? தெருவுல போறவன் எல்லாம் உள்ள வருவான்" என்றாள் அக்கா. ஆனால் வாங்கிக்கொண்டாள். அவன் எதற்காக இத்தனை பெரிய திரையைத் தேடிப் பிடித்தான் என்பது அடுத்த வாரம்தான் புரிந்தது. அவளுடைய முகத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு ஏற்பாடு பண்ணியிருக்கிறான்.

ஒரு நர்ஸ் இருந்தாள். கை விரலில் கிளிப் குத்திக்கொண்டு அவன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டுப் போட்டவள். அதன் பிறகு அவனுக்கு அடிக்கடி விரலில் கிளிப் குத்த ஆரம்பித்தது. அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அந்த ஊரில் பஸ் பாடி கட்டுகிற தொழிற்சாலையில் சீட் பிரிவில் ஆள் கேட்கிறார்கள் என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அக்கா கத்தவில்லை. பேசாமலும் இருக்கவில்லை. "போறதுன்னு முடிவு பண்ணிட்டு என்கிட்ட எதுக்குக் கேக்கறே? போ. போய் நல்லா இரு" என்று, கத்தலுக்கும் மௌனத்துக்கும் நடுவில் ஒரு குரலில் சொன்னாள். சட்டத்தில் அதற்கு அர்த்தம் எழுதப்படவில்லை. அவன் குழம்பிப்போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிட்டான்.

"அக்கா... அக்கா?" என்றான் முதலில். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். "சரி, கோவமா இருக்கே. பேச வேணாம். நான் சொல்றதை மட்டும் கேளு. பஸ்ல உக்காந்துட்டேன், இன்னும் எடுக்கல. நீ ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, வேணாம்னு சொல்லு. சத்தியமா இறங்கிடறேன். அவளும் புரிஞ்சுக்குவா."

"வேணாம்டா" என்றாள் அக்கா.

அவன் பேசாமல் இருந்தான். அவள் மெஷினை விட்டு எழுந்து கடையின் உள்பக்கம் துணிக்கட்டுகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டாள். "வேணாம். இறங்கி வந்துடு. காலையில கோவத்துல சொல்லிட்டேன். நீ இல்லாம எனக்கு இங்க என்ன இருக்கு? தனியா உக்காந்து யாருக்காகடா தைக்கப்போறேன்? அவளையும் கூட்டிக்கிட்டு வா. மாடி ரூமை ஒழிச்சுத் தரேன். நான் உங்க நடுவுல வரமாட்டேன்." இப்படியெல்லாம் அவள் பேசியதே இல்லை. பேசப் பேச அழுகை வந்துவிட்டது. அழுகையோடே இன்னும் என்னென்னவோ சொன்னாள். சின்ன வயதில் அவன் தொலைந்துபோய்க் கிடைத்த கதையைக்கூடச் சொன்னாள்.

கடைசியில் அவன் மூச்சை இழுத்துவிடும் சத்தம் கேட்டது. "சரிக்கா. புரிஞ்சுது" என்றான். குரல் கனிந்திருந்தது. "ரொம்ப நன்றிக்கா. நீ உடம்பைப் பாத்துக்கோ."

வைத்துவிட்டான். அவள் திருப்பிக் கூப்பிட்டாள். மணி அடிப்பதற்கு முன்பே துண்டித்தது. மறுபடியும் துண்டித்தது. அணைத்துவிட்டான் என்று நினைத்தாள்.

அன்றிலிருந்து அவள் மனசுக்குள் ஒன்று பாறையாகிவிட்டது. கேட்டான், சொன்னேன், கெஞ்சினேன், நன்றி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். கெஞ்சியதைத்தான் அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அவன் அனுப்பிய செய்திகள் எல்லாம் வந்தன. புது இடம், தொழிற்சாலை, வரிசையாக நிற்கிற எலும்புக்கூடு பஸ்கள், நர்ஸ் சிரிக்கிற படம். எல்லாவற்றுக்கும் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பினாள். முகம் பார்த்துப் பேசுகிற வீடியோ அழைப்பு வந்தால் துண்டித்தாள். அப்புறம் சாதாரண அழைப்புகளும் வருவது நின்றுபோயிற்று. அலுத்துவிட்டான் என்று நினைத்தாள். இடையில் வந்த ஒன்றிரண்டு வாடிக்கையாளர்கள் ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வைத்தபோது, அவர்களுக்குத்தான் சிக்னல் இல்லை என்று நினைத்தாள். தன் போனில் கோடுகள் முழுசாக நிற்கும்போது வேறென்ன நினைப்பது?

டிரைவர் போனதும் கடையை இழுத்துச் சாத்திவிட்டு நேராக போன் கம்பெனியின் ஷோரூமுக்குப் போனாள். குளிரூட்டிய அறையில் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். போனை வாங்கிப் பின்பக்கம் பார்த்தாள், ஏதோ எண்களைத் தட்டினாள், முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டாள்.

"இது எங்க கம்பெனி ஒத்துக்கிட்ட மாடல் இல்லம்மா. இன்டர்நெட் வரும், மெசேஜ் வரும். கால் மட்டும் தகராறு பண்ணும். சில சமயம் வரவே வராது. வந்தாலும் ஒரு பக்கம் கேக்கும், ஒரு பக்கம் கேக்காது."

"பூட்டே இல்லாத போன்னு சொன்னாங்களே. எதைப் போட்டாலும் ஏத்துக்கும்னு."

"போன் ஏத்துக்கும்மா. நாங்களும் ஏத்துக்கணும்ல. போனும் நல்ல போன்தான், எங்க லைனும் நல்ல லைன்தான். ரெண்டுக்கும் ஒத்துப்போகல." அந்தப் பெண்ணுக்கே அது வேறு எதையோ சொல்கிற மாதிரி இருந்திருக்க வேண்டும், சிரித்துவிட்டாள்.

அக்கா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அப்ப நான் பேசினதெல்லாம் எங்க போச்சு?"

"எங்கயும் போகலம்மா. உங்க போனை விட்டே வெளிய வரல."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது முதலில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் மீறிப் போகவில்லை. அவள் கெஞ்சியது அவனுக்குத் தெரியாது. அவன் கேட்டதெல்லாம் மௌனம், அந்த வீட்டுச் சட்டப்படி சரி என்ற மௌனம். அதனால்தான் நன்றி சொன்னான். ஒரு மாதத்துக்கும் மேலாக நெஞ்சில் கிடந்த பாறை அந்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டது. அது இறங்கிய இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. சொன்ன சொல் போய்ச் சேர்ந்திருந்தால் அவன் இறங்கியிருப்பான். இத்தனை நாள் அவள் தைத்த சீட்டுகளுக்கு எதிர்ப்பக்கம் அவன் கை இருந்திருக்கும். இப்போது சொன்னாலும் வந்துவிடுவான். அதுதான் சிக்கல். எலும்புக்கூடு பஸ்களுக்கு நடுவில் நின்று அவன் சிரிக்கிற படத்தை எடுத்துப் பார்த்தாள். 'அன்னிக்கு நான் வேணாம்னுதான் சொன்னேன்' என்று தப்பும் தவறுமாக எழுதினாள். அனுப்பவில்லை. ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். தம்பி கொஞ்சம் சதை போட்டிருந்தான். உள்ளே வந்தவன் வழக்கப்படி வேனின் சீட் ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்து பார்த்தான். டிரைவர் கஞ்சன், பழைய ஸ்பாஞ்சே போதும், மேல்துணி மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்லியிருந்தான். "செத்த ஸ்பாஞ்சுக்கா இது. உக்காந்தா எழுந்திரிக்கவே மாட்டேங்குது" என்றான் தம்பி.

"அடுத்த வாரம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போடறோம்க்கா. நீதான் சாட்சி. இதை நேர்ல சொல்லணும்னு வந்தோம்" என்றான் பிறகு. சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். "கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன். நீ எடுக்கவே மாட்டேங்கறே. போன் சரியா வேலை செய்யுதா இல்லையா?"

அக்காவின் நாக்கு நுனிவரை வந்தது. அவன் ஆசையாகத் தேடிப் பிடித்த போன். இதுதான் நம் இருவரையும் பிரித்தது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். சொன்னால் பிறகு அவன் அந்தப் பஸ்ஸை விட்டு ஆயுசு முழுக்க இறங்கிக்கொண்டே இருப்பான்.

"நல்லாத்தான் வேலை செய்யுது. எனக்குத்தான் கை ஒழியல" என்றாள்.

அவன் முகம் சுருங்கியது. மறைத்துக்கொண்டு சிரித்தான். "அதுவும் சரிதான். ஆனா ஒண்ணுக்கா, அன்னிக்கு மட்டும் நீ எடுத்தியே, அது போதும் எனக்கு. நீ கத்தியிருந்தா நான் இறங்கியிருப்பேன். பேசாம இருந்தே பாரு, அந்தத் தெம்புலதான் இன்னிக்கு வரைக்கும் ஓடிக்கிட்டிருக்கேன்."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை உண்மையிலேயே ஒன்றும் சொல்லவில்லை. அவன் அதையும் சரி என்று எடுத்துக்கொண்டு, தன் கருவிப் பெட்டியை எடுக்க உள்ளே போனான். ஆணி, கிளிப் எல்லாம் உருள்கிற சத்தம் கேட்டது.

நர்ஸ் அதுவரை வாயே திறக்கவில்லை. வேலை செய்கிற இடத்துக்கு வந்தால் எதையாவது செய்தாக வேண்டும் என்ற பழக்கமோ என்னவோ, மெஷினைச் சுற்றிக் கிடந்த துண்டுத் துணிகளைப் பொறுக்கி மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அன்னிக்கு பஸ்ல அவர் ஸ்பீக்கர்ல போட்டிருந்தார்க்கா. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

அக்கா நிமிர்ந்தாள்.

"உங்க கடைக்கு போன் பண்ணா எப்பவும் எதிர்ப் பட்டறைச் சத்தம் கேக்கும், ரோட்டு ஹாரன் கேக்கும். ஊரே கேக்கும். அன்னிக்கு அது எதுவும் கேக்கல. நீங்க பேசாம இருந்தாலும் ரோடு பேசாம இருக்குமா? லைன் இல்லன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுது."

"அவன்கிட்ட சொன்னியா?"

"சொல்லல." மடித்த துணியையே மறுபடி மடித்தாள். "சொல்லியிருந்தா என் போன்லேர்ந்து உங்களைக் கூப்பிட்டிருப்பார். நான் பஸ் எப்ப எடுக்கும்னு டிரைவரையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்." துணியின் ஓரத்தைச் சுருட்டினாள். "தூங்க முடியலக்கா. நீங்க அன்னிக்கு என்ன சொன்னீங்க?"

அக்காவுக்கு முதலில் வந்தது கோபம்தான். அடிப்பாவி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அந்தப் போன் செய்த துரோகம் போதாதென்று இவளுமா? இத்தனை நாளாக அக்கா அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு எங்கே இறக்குவது என்று தெரியாமல் அலைகிறாள். இதோ கையை நீட்டிக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். இவளிடம் சொன்னால் நியாயம்தான். வாழ்நாள் முழுக்கச் சுமக்கட்டும். ஆனால் அந்தப் பெண்ணின் விரல்கள் அந்தச் சின்னத் துண்டுத் துணியை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தன. வேண்டியதை விட்டுவிடக்கூடாது என்று பிடிக்கிற பிடி. அக்காவுக்கு அது தெரியாத பிடியா?

"சன்னலோரம் உக்காராதே, தூசி ஒத்துக்காதுன்னு சொன்னேன்" என்றாள்.

நர்ஸ் அவளையே பார்த்தாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வேற என்ன சொல்ல இருக்கு?"

நர்ஸ் நம்பினாளா என்று சொல்ல முடியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். தம்பி பெட்டியோடு வெளியே வந்தான். "என்ன, நாத்தனாரும் மருமகளும் இப்பவே பேசாம நிக்க ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டுத் தானே சிரித்தான். முறையைத் தப்பாகச் சொல்கிறாயே மடையா என்று அக்கா கத்தினாள். கத்தியதும் மூவருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

அவர்கள் கிளம்பினார்கள். பெட்டிக்கு ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் அவள். தெருமுனை திரும்பும்வரை அக்கா வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து வேலையைப் பார்க்கலாம் என்று வேன் சீட்டின் பக்கம் போனாள். அவன் உட்கார்ந்த இடத்தில் ஸ்பாஞ்ச் இன்னும் பள்ளமாகவே இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் ஓரங்கள் மெதுவாக, மிக மெதுவாக, மேலே எழும்பத் தொடங்கின. அக்கா குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் பள்ளத்தின் நடுவில் வைத்து, எழும்ப விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.